பார்க்லியை விட்டது தப்பா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் நான் எழுதிய ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. "ரன்னிங் பேக்கைக் கடைசியாகத்தான் வாங்க வேண்டும், முதலில் வாங்கினால் காசுக்குப் பிடித்த கேடு" என்று அமெரிக்கக் கால்பந்து பற்றிப் போகிற போக்கில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி திட்டு, மீதி பாதி "சரியாகச் சொன்னீர்கள், ஆனாலும்..." என்று தொடங்கி முடிவில் திட்டு. இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களுக்கு ஒரே ஒரு விளக்கம்: பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவாட்டர்பேக்கிடமிருந்து பந்தைக் கையில் வாங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு, தன்னைவிட ஒன்றரை மடங்கு எடையுள்ளவர்கள் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுகிறவர்தான் ரன்னிங் பேக். இனி கேள்விகள்.

கேள்வி: நான் நியூயார்க் ஜயன்ட்ஸ் ரசிகன். சக்வான் பார்க்லியை 2024இல் விட்டோம், அவர் எங்கள் பரம எதிரி ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்குப் போய் அந்த ஆண்டே 2,005 யார்டு ஓடி சூப்பர் பவுல் இறுதி ஆட்டமும் ஜெயித்துவிட்டார். கேட்ட பணத்தைக் கொடுத்து வைத்துக்கொண்டிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்?

பதில்: உங்கள் வயிற்றெரிச்சல் நியாயமானது. அணியின் முதலாளி ஜான் மாராவுக்கே அது இருந்தது. பார்க்லி ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனால் எனக்குத் தூக்கம் வராது என்ற பொருளில் அவர் ஜெனரல் மேனேஜர் ஜோ ஷேனிடம் புலம்பியதைத் தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது.

ஆனால் கணக்கை 2024இலிருந்து தொடங்கினால் விடை தப்பாகத்தான் வரும், 2018இலிருந்து தொடங்குங்கள். அந்த ஆண்டு டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) ஜயன்ட்ஸ் பார்க்லியை இரண்டாவது ஆளாக எடுத்தது. அப்போது குவாட்டர்பேக் ஈலை மேனிங்குக்கு வயது 37, முன்னால் நின்று வழி திறக்க வேண்டிய ஆஃபென்சிவ் லைன் ஓட்டைப் பானை. அதே டிராஃப்டில் லைனில் ஆடுகிற கார்டு குவென்டன் நெல்சன் ஆறாவதாகவும், குவாட்டர்பேக் ஜாஷ் ஆலன் ஏழாவதாகவும், லமார் ஜாக்சன் 32ஆவதாகவும் போனார்கள். பார்க்லி மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. முதல் ஆண்டிலேயே ஓடியும் பந்து பிடித்தும் சேர்த்து 2,028 யார்டு, சிறந்த ஆஃபென்ஸ் புதுமுக விருதும் அவருக்குத்தான். அணி? 5 வெற்றி, 11 தோல்வி. 2020இல் இரண்டாவது ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் கிழிந்து அந்த சீசன் போயிற்று. ஒரு ரன்னிங் பேக் மலிவாகவும் புதிதாகவும் இருக்கிற நான்கைந்து ஆண்டுகளைத் தோற்கிற அணியில் கரைத்துவிட்டு, அப்புறம் பணம் கொடுப்பதா வேண்டாமா என்று உட்கார்ந்து யோசித்தார்கள். நிஜமான தப்பு அங்கேதான் நடந்தது.

2022இல் ஒரு நல்ல சீசன் வந்தது. பார்க்லி 1,312 யார்டு ஓடினார், அணி கோப்பைக்கான நாக் அவுட் சுற்றான பிளே ஆஃபுக்குப் போனது. உடனே 2023 மார்ச்சில் குவாட்டர்பேக் டேனியல் ஜோன்ஸுக்கு நான்கு ஆண்டுக்கு 16 கோடி டாலர் ஒப்பந்தம், பார்க்லிக்கு ஃபிரான்சைஸ் டேக். டேக் என்றால், ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரை வெளியே போகவிடாமல் லீக் நிர்ணயித்த சம்பளத்துக்கு இன்னும் ஓர் ஆண்டு பிடித்து வைக்கிற உரிமை. ரன்னிங் பேக்குக்கு அந்த ஆண்டு அது சுமார் 1.01 கோடி டாலர். அந்த 2023இல் அவர் ஓடியது 962 யார்டு, ஓர் ஓட்டத்துக்கு 3.9.

இப்போது 2024 மார்ச்சில் ஷேன் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். ஆளுக்கு வயது 27. லைன் இன்னும் பழைய கதைதான். குவாட்டர்பேக்குக்குப் போன பணம் போனதுதான். அந்த நிலையில் விட்டது எனக்குப் பெரிய குற்றமாகத் தெரியவில்லை. ஆனால் விடுவது என்று இருந்தால் 2023 அக்டோபர் 31, டிரேட் கெடு நாளுக்குள் விற்றிருக்க வேண்டும். அன்றைக்கு ஜயன்ட்ஸ் 2 வெற்றி, 6 தோல்வி. அதற்கு ஓர் ஆண்டு முன்னால்தான் கரோலினா, கிறிஸ்டியன் மக்காஃப்ரியை 49அர்ஸுக்குக் கொடுத்து இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது சுற்று என்று நான்கு டிராஃப்ட் வாய்ப்பு வாங்கியிருந்தது. சந்தை விலை கண் முன்னால் இருந்தது. வைத்துக்கொள்ளவும் மனமில்லை, விற்கவும் மனமில்லை என்று இருந்துவிட்டார்கள். திட்டுவதென்றால் அதற்குத் திட்டுங்கள்.

கேள்வி: நான் ஈகிள்ஸ் ரசிகன். உங்கள் வாதப்படி 2,005 யார்டை லைன்தான் ஓடியது, பார்க்லி சும்மா பந்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார் என்று அர்த்தமா? பைத்தியக்காரத்தனமாக இல்லையா?

பதில்: அப்படி நான் சொல்லவில்லை. ஆனால் அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு, அவர்கள் கையில் ஒரு நல்ல ஆதாரமும் உண்டு. டென்வர் பிராங்கோஸ். டெரல் டேவிஸ் 1998இல் 2,008 யார்டு ஓடினார். 1999இல் அவருக்கு முழங்கால் போனதும் ஓலாண்டிஸ் கேரி வந்து ஆயிரத்தைத் தாண்டினார், 2000இல் மைக் ஆண்டர்சன் வந்து தாண்டினார், 2002இல் கிளின்டன் போர்ட்டிஸ் 1,508, 2004இல் ரூபன் டிரோன்ஸ். ஆள் மாற மாற யார்டு மட்டும் வந்துகொண்டே இருந்தது. லைன் பயிற்சியாளர் அலெக்ஸ் கிப்ஸ் வேரூன்றச் செய்த ஜோன் பிளாக்கிங் (ஆளுக்கு ஆள் என்றில்லாமல் ஆளுக்கு ஒரு பகுதியைத் தடுப்பது) முறைதான் காரணம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். டென்வரும் அதை நம்பித்தான் 2004இல் போர்ட்டிஸை வாஷிங்டனுக்குக் கொடுத்து, எறிகிற பந்தைத் தடுக்கிற கார்னர்பேக் சாம்ப் பெய்லியையும் கூடவே ஒரு இரண்டாவது சுற்று வாய்ப்பையும் வாங்கியது. ரன்னிங் பேக்கை எப்போது விற்பது என்று யாராவது வகுப்பு எடுத்தால் முதல் பாடம் இதுவாகத்தான் இருக்கும்.

சரி, உங்கள் அணிக்கு வருவோம். 2023இல் ஈகிள்ஸில் ஓடியவர் டியாண்ட்ரே ஸ்விஃப்ட். 229 ஓட்டத்தில் 1,049 யார்டு, சராசரி 4.6. அடுத்த ஆண்டு அவர் சிகாகோவுக்குப் போனார், சராசரி 3.8க்கு இறங்கியது. அதே நேரத்தில் நியூயார்க்கில் 3.9இல் இருந்த பார்க்லி ஈகிள்ஸ் லைனுக்குப் பின்னால் வந்து நின்றதும் 345 ஓட்டத்தில் 5.8. லைன்தான் எல்லாம் என்றால் அவருக்கும் 4.6தான் வந்திருக்க வேண்டும், அதுவும் நடு நாயகமாக நின்ற ஜேசன் கெல்சி ஓய்வு பெற்றுப் போன பிறகு. என் கணக்கு இதுதான்: 3.9க்கும் 4.6க்கும் நடுவில் இருப்பது லைன், 4.6க்கும் 5.8க்கும் நடுவில் இருப்பது பார்க்லி. லைன் உங்களுக்கு முதல் ஐந்து யார்டைக் கொடுக்கும். அதற்கு அப்புறம் எதிரணியின் கடைசிக் காவலான சேஃப்டி ஒருவன் எதிரே வரும்போது, அவனை விட்டு விலகி இன்னும் ஐம்பது யார்டு ஓடுவதற்கு லைன் கூட வராது. வாஷிங்டனுக்கு எதிரான அந்த அரையிறுதி மாதிரியான ஆட்டத்தில் ஈகிள்ஸ் ஆடிய முதல் ஆட்டத்துணுக்கிலேயே 60 யார்டு ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டி டச் டவுன் போட்டாரே, அதைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். எவ்வளவு தூரம் வழி திறந்திருந்தது, எங்கே அவராகச் செய்துகொண்டார் என்று தெரியும்.

ஆனாலும் ஒரு விஷயத்தை உங்கள் அணியிடமிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். ஜயன்ட்ஸ் பார்க்லியை எடுத்த அதே 2018 டிராஃப்டில், ஈகிள்ஸ் ஏழாவது சுற்றில் ஜோர்டன் மைலாட்டா என்ற ஆஸ்திரேலிய ரக்பி ஆட்டக்காரரை எடுத்தது. அவர் அதற்கு முன்னால் அமெரிக்கக் கால்பந்து ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. ஜெஃப் ஸ்டவுட்லண்ட் என்ற லைன் பயிற்சியாளரிடம் விட்டு வளர்த்தார்கள். 2013இல் லேன் ஜான்சன், 2021இல் லாண்டன் டிக்கர்சன் என்று வரிசையாகச் சேர்த்தார்கள். வீட்டைக் கட்டி முடித்துவிட்டு, 2024இல் மூன்று ஆண்டுக்கு 3.775 கோடி டாலர் கொடுத்து பார்க்லியை அழைத்து வந்தார்கள். ஜயன்ட்ஸ் விருந்தாளியை முதலில் கூப்பிட்டுவிட்டு அவர் தலைக்கு மேல் கூரை போடத் தொடங்கியது. நான் போன இதழில் சொன்ன "கடைசியாக வாங்க வேண்டும்" என்பது இதுதான். 2025 மார்ச்சில் அவருக்கு ஆண்டுக்கு 2.06 கோடி டாலர் வீதம் ஒப்பந்தத்தை நீட்டினார்கள், எந்த ரன்னிங் பேக்கும் அதுவரை இரண்டு கோடியைத் தொட்டதில்லை. அந்த நீட்டிப்பு எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. நடந்து முடிந்த சாதனைக்குக் கொடுத்த பணம் அது. 2025இல் லைனில் காயங்கள் வந்ததும் அவருடைய ஓட்டமும் சுருங்கியதை நீங்களே பார்த்தீர்கள்.

கேள்வி: முதல் சுற்றில் ரன்னிங் பேக்கை எடுக்கவே கூடாதா? லயன்ஸ் எடுத்த ஜமீர் கிப்ஸ் என்ன ஆனார் என்று பார்க்கவில்லையா?

பதில்: பார்த்தேன், 2023இல் 12ஆவது இடத்தில் எடுத்தபோது சிரித்தவர்களில் நானும் ஒருவன். அடுத்த ஆண்டு அவர் ஓடி மட்டும் 16 டச் டவுன் போட்டார், லயன்ஸ் 15 வெற்றி 2 தோல்வி. சிரிப்பை வாபஸ் வாங்கிக்கொண்டேன். ஆனால் டெட்ராய்ட்டில் பெனை ஸ்யூவல், ஃபிராங்க் ராக்நவ், டெய்லர் டெக்கர் என்று லைன் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தது, கவனித்தீர்களா? அதே டிராஃப்டில் எட்டாவதாகப் போன பிஜான் ராபின்சனையும் பார்த்தேன், ஆள் அற்புதம், ஆனால் அட்லாண்டாவில் குவாட்டர்பேக் பிரச்சினை அவரால் தீரவில்லை.

எதிர்ப்பக்கமும் ஞாபகம் இருக்கட்டும். 2012இல் கிளீவ்லண்ட் மூன்றாவதாக எடுத்த டிரென்ட் ரிச்சர்ட்சன். அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே அவரை விற்றுவிட்டது. வாங்க ஓர் ஏமாளி வேண்டுமே, அது இண்டியானாபொலிஸ், முதல் சுற்று வாய்ப்பையே கொடுத்தது. இதே இண்டியானாபொலிஸ் 1999இல் புத்திசாலித்தனமாக மார்ஷல் ஃபால்க்கை ராம்ஸுக்குக் கொடுத்துவிட்டு எட்ஜரின் ஜேம்ஸை டிராஃப்டில் எடுத்தது. ஜேம்ஸ் முதல் இரண்டு ஆண்டும் லீக்கிலேயே அதிக யார்டு ஓடினார்; ஃபால்க்கோ அதே 1999இல் ராம்ஸுக்கு சூப்பர் பவுல் வாங்கிக் கொடுத்தார். இரண்டு பக்கமும் லாபமான டிரேட் என்று நான் சொல்லக்கூடிய ஒன்றிரண்டில் அதுவும் ஒன்று. மறுபக்கம், அதே ஆண்டு நியூ ஆர்லின்ஸ் பயிற்சியாளர் மைக் டிட்கா, ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஒரே ஒரு ரன்னிங் பேக்குக்காக அணியின் அந்த ஆண்டு டிராஃப்ட் முழுவதையும், அடுத்த ஆண்டின் முதல், மூன்றாவது சுற்றுகளையும் கொடுத்தார். அதற்கு நான் விளக்கம் எழுத வேண்டியதில்லை.

2024இல் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கைக்கூட யாரும் எடுக்கவில்லை, முதல் ஆளே 46ஆவதாகத்தான் போனார். அந்த சீசனில் பார்க்லியும் டெரிக் ஹென்றியும் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு 2025இல் ரெய்டர்ஸ் ஆஷ்டன் ஜென்ட்டியை ஆறாவதாக எடுத்தது. லைன் எப்படி இருந்தது என்று கேளுங்கள். அவர் பாவம், பல ஆட்டங்களில் பந்தை வாங்கிய இடத்திலேயே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். 2018இல் பார்த்த படத்தையே திரும்ப ஓட்டின மாதிரி இருந்தது.

கேள்வி: ப்ரீ சீசன் பயிற்சி ஆட்டங்களில் எங்கள் அணியின் நான்காவது ரன்னிங் பேக் பிரமாதமாக ஓடினான். மூன்றாவது ஆளோ ஒன்றுமே செய்யவில்லை. கடைசி நாளில் நன்றாக ஓடியவனைக் கழித்துக் கட்டிவிட்டு ஒன்றும் செய்யாதவனை வைத்துக்கொண்டார்கள். பயிற்சியாளருக்குக் கண் தெரியாதா?

பதில்: ஒவ்வோர் ஆகஸ்ட் முடிவிலும் வருகிற கேள்வி. இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் ரசிகர்கள் பார்க்கிற ஆட்டமும் பயிற்சியாளர் பார்க்கிற ஆட்டமும் இந்த ஒரு இடத்தில்தான் முழுக்க வேறாகிப் போகின்றன.

முகாமில் 90 பேர் இருக்கிறார்கள், 53 ஆகக் குறைக்க வேண்டும். அதில் ஆட்ட நாளில் உடை மாற்றிக் களத்துக்கு வருவது அதிகபட்சம் 48. ரன்னிங் பேக் மூன்று பேர், மிஞ்சினால் நான்கு. முதல் ஆள் ஓடுவதற்கு, இரண்டாவது ஆள் முதல் ஆளுக்கு மூச்சு வாங்கும்போது ஓடுவதற்கு. மூன்றாவது ஆள் ஓடுவதற்கே இல்லை! அவர் கிக் ஆஃபில் ஓடிப்போய் எதிராளியை விழுத்தாட்ட வேண்டும், பண்ட்டில் காவல் நிற்க வேண்டும், எல்லாம் பந்தை உதைக்கிற நேரத்தில் மட்டும் வருகிற ஸ்பெஷல் டீம்ஸ் வேலை. நீங்கள் அந்த நேரத்தில் காபி போட எழுந்து போயிருப்பீர்கள். மூன்றாவது ஆள் "ஒன்றுமே செய்யவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கிக் ஆஃபில் எத்தனை டேக்கிள் செய்தார் என்று எண்ணிப் பார்த்தீர்களா?

அடுத்தது பிளிட்ஸ். குவாட்டர்பேக் பந்தை எறியப் போகும்போது எதிரணி லைன்பேக்கர் ஒருவன் எதிர்பாராத சந்தில் புகுந்து வருகிறான். ரன்னிங் பேக் அதை முன்னாலேயே மோப்பம் பிடித்து, குறுக்கே போய் நெஞ்சில் வாங்க வேண்டும். ஒரு தடவை தவறினால் குவாட்டர்பேக்கின் தோள்பட்டை போகும், அவருடைய சம்பளமோ அணியின் மொத்தச் சம்பள வரம்பில் ஐந்தில் ஒரு பங்கு. 2025இல் அந்த வரம்பு 27.92 கோடி டாலர், கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். 70 யார்டு ஓடுகிற இளைஞன் இந்த வேலையில் இரண்டு முறை கோட்டை விட்டால் பயிற்சியாளர் மனதில் அவன் கதை முடிந்தது. இன்னொன்று, ப்ரீ சீசன் ஆட்டத்தின் நான்காவது கால் பகுதியில் அவனை எதிர்த்து நின்றவர்களும் மறுவாரம் வேலை இழக்கப் போகிறவர்கள்தான்.

அப்புறம் சூதாட்டம். நான்கு சீசன் கணக்கு முடிக்காத ஆட்டக்காரரை நீக்கினால் அவர் வேவர்ஸுக்குப் போவார், போன ஆண்டு மோசமாக ஆடிய அணிகளிலிருந்து வரிசையாக யார் வேண்டுமானாலும் அவரை எடுத்துக்கொள்ளலாம். யாரும் எடுக்காவிட்டால் மறுநாளே பழைய அணி பயிற்சிக்கென்று வைத்துக்கொள்ளும் பிராக்டிஸ் ஸ்குவாடில் சேரலாம். அங்கே 16 இடம், வெளிநாட்டு ஆட்டக்காரருக்குக் கூடுதலாக ஒன்று. அங்கிருந்து ஒருவரை ஒரு சீசனில் மூன்று ஆட்டம் வரை மேலே தூக்கி ஆடவைக்கலாம், திரும்பக் கீழே இறக்கலாம். எல்லா அணிகளும் அதே நாளில் 53க்குள் அடைக்க முட்டி மோதுவதால், அடுத்தவர் நீக்கிய நான்காவது ரன்னிங் பேக்கை எடுக்க இடம் இருக்காது. பெரும்பாலும் திரும்பி வந்துவிடுவார். பயிற்சியாளருக்கு இது தெரியும். உங்களுக்குப் பிடித்தவரை அவர் தூக்கி எறியவில்லை, அடகு வைத்திருக்கிறார்.

சில சமயம் அடகு மூழ்கியும் போகும். ராஹீம் மாஸ்டர்ட்டை எத்தனை பேர் நீக்கினார்கள் தெரியுமா? ஈகிள்ஸ், டால்ஃபின்ஸ், ரேவன்ஸ், பிரவுன்ஸ், ஜெட்ஸ், பேர்ஸ். கடைசியில் 49அர்ஸில் ஸ்பெஷல் டீம்ஸ் ஆளாக ஒட்டிக்கொண்டார். 2020 ஜனவரியில் பாக்கர்ஸுக்கு எதிராக, சூப்பர் பவுலுக்குப் போகும் ஆட்டத்தில், 220 யார்டு, 4 டச் டவுன். மேலே சொன்ன டெரல் டேவிஸ்கூட ஆறாவது சுற்றில், 196ஆவது ஆளாக வந்தவர். 1995 ப்ரீ சீசனில் டோக்கியோவில் 49அர்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் கிக் ஆஃபில் ஓடிப்போய் ஒருவரை அடித்து விழுத்தினார். அந்த ஒரு டேக்கிள்தான் பயிற்சியாளரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. உங்கள் நான்காவது ஆளுக்கு யாராவது இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு ஃபம்பிளுக்காக நல்ல ஆளைப் பெஞ்சில் உட்கார வைப்பது அநியாயம் இல்லையா?

பதில்: ஒரு ஃபம்பிளுக்கு அநியாயம். ஆனால் பழக்கமாகிவிட்டால் என்ன செய்வது? டிக்கி பார்பர் 2003இல் 9 தடவை பந்தைத் தவறவிட்டார். அடுத்த ஆண்டு டாம் காஃப்லின் பயிற்சியாளராக வந்து அவரை உட்கார வைக்கவில்லை, பிடியை மாற்றினார்கள்: முழங்கையை உடலோடு ஒட்டி, பந்தை மார்பு உயரத்துக்கு ஏற்றி, மணிக்கட்டு முழங்கைக்கு மேலே இருக்கும்படி. ஃபம்பிள் குறைந்தது, 2005இல் 1,860 யார்டு ஓடினார். முப்பது வயதில்! ஆகவே பெஞ்சுக்கு முன்னால் பிடியைப் பார்க்கலாம்.

கேள்வி: ரன்னிங் பேக்குகள் எல்லோரும் ஒன்றுசேர்ந்து ஆடமாட்டோம் என்று சொன்னால் என்ன? சம்பளம் தானாக ஏறாதா?

பதில்: 2023 ஜூலையில் பார்க்லி, ஜாஷ் ஜேக்கப்ஸ், டோனி போலார்ட் மூன்று பேருக்கும் நீண்ட ஒப்பந்தம் கிடைக்காமல் கெடு முடிந்ததும், பல ரன்னிங் பேக்குகள் காணொளி அழைப்பில் கூடிப் பேசினார்கள். பேசினார்கள், அவ்வளவுதான். தொழிற்சங்கம் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் பொது, சம்பள வரம்பும் பொது. ரன்னிங் பேக்குக்குக் கூடினால் இன்னொரு இடத்தில் குறையும். எறிந்த பந்தைப் பிடிக்கிற ரிசீவர்கள் எதற்கு விட்டுக்கொடுப்பார்கள்?

தனியாக மறுத்துப் பார்த்தவர்கள் இரண்டு பேர் கதையைச் சொல்கிறேன். 1993இல் எமிட் ஸ்மித் டல்லாஸுக்கு ஆட மறுத்தார். அணி முதல் இரண்டு ஆட்டமும் தோற்றது, முதலாளி ஜெரி ஜோன்ஸ் ஓடிவந்து பணம் கொடுத்தார். அந்த ஆண்டே சூப்பர் பவுல், சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது, சூப்பர் பவுலின் சிறந்த ஆட்டக்காரர் விருது, எல்லாம் ஸ்மித்துக்கு. 2018இல் லெவியான் பெல், 1.45 கோடி டாலர் டேக்கை மறுத்து சீசன் முழுக்க பிட்ஸ்பர்க்குக்கு ஆடவில்லை. அவர் இடத்தில் வந்த ஜேம்ஸ் கானர் 13 ஆட்டத்தில் 973 யார்டு, 12 டச் டவுன். பெல் 2019இல் ஜெட்ஸில் 5.25 கோடி டாலருக்குச் சேர்ந்தார், அடுத்த ஆண்டு அக்டோபரில் நீக்கப்பட்டார். எமிட்டுக்குப் பதிலாக வந்தவரால் ஓட முடியவில்லை, பெல்லுக்குப் பதிலாக வந்தவரால் முடிந்தது. இரண்டு வேலைநிறுத்தத்துக்கும் வேறு வித்தியாசமே கிடையாது. இப்போது முகாமுக்கு வராவிட்டால் நாளுக்கு 50,000 டாலர் அபராதம், அணியே நினைத்தாலும் அதைத் தள்ளுபடி செய்ய முடியாது என்று லீக்கும் தொழிற்சங்கமும் போட்ட 2020 ஒப்பந்தத்தில் புதுமுக ஒப்பந்தம் முடித்தவர்களுக்கு எழுதிவிட்டார்கள். அதனால்தான் இப்போதெல்லாம் எல்லோரும் முகாமுக்கு வந்து ஓரமாக நின்றுகொண்டு முதுகு வலி என்கிறார்கள்.

அமைப்பு அவர்களுக்கு எதிராகத்தான் இருக்கிறது, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. 21, 22 வயதில் டிராஃப்ட், நான்கு ஆண்டு நிர்ணயச் சம்பளம், முதல் சுற்று என்றால் ஐந்தாவது ஆண்டும் அணியின் விருப்பம், அப்புறம் டேக். கூட்டிப் பாருங்கள், சந்தைக்கு வரும்போது 27. மற்ற இடத்து ஆட்டக்காரருக்கு அது உச்சம், ரன்னிங் பேக்குக்கு இறக்கத்தின் தொடக்கம். 2018இல் டாட் கர்லிக்கும் 2019இல் எஸக்கியேல் எலியட்டுக்கும் வாரிக் கொடுத்த ராம்ஸும் டல்லாஸும் அவர்களை ஒப்பந்தம் முடியும் முன்பே நீக்கியது மற்ற அணிகளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கேள்வி: நிஜ ஆட்டக்காரர்களின் புள்ளிகளை வைத்து நான் ஆடும் ஃபேன்டஸி அணியில் இருக்கும் ரன்னிங் பேக் 80 யார்டு ஓடி கோல் லைன் வரை கொண்டுபோனால், கடைசி ஒரு யார்டுக்கு வேறு ஒருவனை அனுப்பி டச் டவுனை அவனுக்குக் கொடுக்கிறார் பயிற்சியாளர். இது நியாயமா?

பதில்: பயிற்சியாளர் உங்கள் ஃபேன்டஸி அணியில் இல்லை.

கேள்வி: எரிக் டிக்கர்சனின் 1984 சாதனை 2,105 யார்டு. அதை முறியடிக்க பார்க்லிக்கு 101 யார்டுதான் தேவை, ஓர் ஆட்டம் பாக்கி, அதுவும் பழைய அணி ஜயன்ட்ஸுக்கு எதிராக. ஈகிள்ஸ் அவரை உட்கார வைத்தது எப்படிப்பட்ட கொடுமை!

பதில்: 2025 ஜனவரி 5 அன்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். சாதனை முறிய வேண்டாம் என்பதை டிக்கர்சனும் ஒளிக்கவில்லை, அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். ஏட்ரியன் பீட்டர்சன் 2012இல், முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஓர் ஆண்டுக்குள் திரும்பி வந்து, 2,097இல் நின்றாரே, எட்டு யார்டு பாக்கி வைத்து, அது எனக்கு இன்னும் வலிக்கிறது. ஆனால் ஈகிள்ஸுக்குத் தரவரிசையில் இரண்டாவது இடம் உறுதியாகிவிட்டது, அந்த ஆட்டத்தில் ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான். அதற்குள் பார்க்லி 345 தடவை பந்தைத் தூக்கியிருந்தார். மாற்று ஆட்டக்காரர்களை வைத்தே ஜயன்ட்ஸை 20–13 என்று ஜெயித்தார்கள் (மேலே முதல் கேள்வி கேட்டவர் இதைப் படிக்க வேண்டாம்). அப்புறம் பிளே ஆஃபில் நான்கு ஆட்டத்தில் 499 யார்டு; சீசனும் பிளே ஆஃபும் சேர்த்து 2,504, டெரல் டேவிஸின் 2,476ஐத் தாண்டிவிட்டார். சூப்பர் பவுலில் மட்டும் 57தான். கான்சாஸ் சிட்டி அவரை அடைப்பதிலேயே குறியாக இருந்தது, அந்த இடைவெளியில் மற்றவர்கள் புகுந்து 40–22. அன்றைக்கு அவருக்கு 28ஆவது பிறந்தநாள். யார்டைப் பற்றி அவர் கவலைப்பட்டிருப்பார் என்று தோன்றவில்லை.

கேள்வி: 2015 பிப்ரவரி, சூப்பர் பவுல். சியாட்டில் ஜெயிக்க ஒரு யார்டு, 26 விநாடி, மார்ஷான் லிஞ்ச் பக்கத்திலேயே நிற்கிறார். ஏன் எறிந்தார்கள்? பத்தாண்டு ஆகிவிட்டது, மனது ஆறவில்லை.

பதில்: உங்களுக்கு ஆறப்போவதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மூன்று வாய்ப்பு மிச்சம், ஒரே ஒரு டைம் அவுட். மூன்று தடவையும் ஓட கடிகாரம் விடாது. ஒரு தடவையாவது எறிந்தால், பந்து தரையில் விழுந்தாலும் கடிகாரம் நிற்கும். எதிரே பேட்ரியட்ஸ் ஓட்டத்தைத் தடுக்கிற தடியன்களைக் குவித்து வைத்திருந்தார்கள். இதுவரை சியாட்டிலின் அப்போதைய பயிற்சியாளர் பீட் கேரல் சொன்னது சரி. ஆனால் எறிவதென்றால் ஓரமாக எறிந்திருக்கலாம், கூட்டத்துக்கு நடுவில் எறிந்ததால்தான் பேட்ரியட்ஸின் மால்கம் பட்லர் குறுக்கே வந்து பந்தைப் பறித்தார். லிஞ்சிடம் கொடுத்து அவர் தடுக்கப்பட்டிருந்தால் இன்று வேறு ஒருவர் வேறு ஒரு கேள்வி அனுப்பியிருப்பார். அவருக்கும் நான் இதையேதான் எழுதியிருப்பேன்.

கேள்வி: முப்பது வயதான ரன்னிங் பேக்கை யாராவது வாங்குவார்களா? ஃபுல்பேக் என்று ஓர் ஆள் இன்னும் எதற்கு?

பதில்: இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்டது தற்செயலா தெரியவில்லை, விடை ஒரே அணியில் இருக்கிறது. 2024இல் ரேவன்ஸ், முப்பது வயதான டெரிக் ஹென்றியை இரண்டு ஆண்டுக்கு 1.6 கோடி டாலருக்கு எடுத்தது. கிட்டத்தட்ட பேரம் பேசி வாங்கிய விலை. அவர் 1,921 யார்டு, 16 டச் டவுன் ஓடினார். லமார் ஜாக்சன் தானே ஓடிவிடுவாரோ என்று எதிரணி ஒரு விநாடி தயங்குகிற அணியில் ஹென்றி மாதிரி ஓர் ஆளை நிறுத்தினால் என்ன ஆகும் என்று டென்னசியில் இருந்தபோது நமக்குத் தெரியாமல் போயிற்று. அவருக்கு முன்னால் பல ஆட்டங்களில் வழி திறந்துகொண்டு போனவர் ஃபுல்பேக் பாட்ரிக் ரிக்கார்ட். டிராஃப்டில் யாரும் எடுக்காத ஆள், 2017இல் டிஃபென்சிவ் லைனுக்கு என்று முகாமுக்கு வந்தவர். 53 பேரில் இடம் இல்லை என்று சொல்லக்கூடாதே என்பதற்காக ஆஃபென்ஸ் பக்கமும் போய் நின்றார். அந்த 2024 ஆட்டங்களில் ஹென்றி நீளமாக ஓடுவதைத் திரும்பப் போட்டுப் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு, முதல் இரண்டு விநாடி 42ஆம் எண் சட்டையை மட்டும் பாருங்கள்.